பிரிகேடியர் வீட்டுக் கணக்கு

"பிரிகேடியர்னா சுபேதாருக்கு மேலயா கீழயா மைனி?"

என் கணவர் ஓய்வுபெற்று கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், ரப்பர் பால் வெட்ட வருகிறவர் என்னிடம் கேட்டார். சிரிப்பு வந்தது, ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் பெரும்பாலும் சிப்பாயாகப் போனவர்கள். அதில் நன்றாக வந்தவர் சுபேதார் மேஜர் ஆவார். ஓய்வை ஒட்டி ஜனவரி 26க்கோ ஆகஸ்ட் 15க்கோ கௌரவ கேப்டன் பட்டம் கிடைக்கும். ஊருக்கு வந்ததும் வாசலில் 'கேப்டன்' என்று போர்டு தொங்கும். ஆக, ஊர்க் கணக்கில் பட்டாளத்தின் உச்சி கேப்டன்தான். இத்தனை வருஷம் கழித்து யாருக்கும் தெரியாத ஒரு பேரோடு ஒருத்தர் வந்திருக்கிறார் என்றால், பாவம், அங்கே என்ன நடந்ததோ என்று அவருக்கு இரக்கம்.

"மேலதான்" என்றேன். "அப்போ கேப்டனுக்கு?" "அதுக்கும் மேலதான்." அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

இதை எழுதுவது பிரிகேடியர் இல்லை, அவர் மனைவி. அவர் எழுத உட்கார்ந்தால் 1, 2, 2-அ, 2-ஆ என்று நம்பர் போட்டு, யார் யாருக்கு நகல் என்று கடைசியில் எழுதி முடிப்பார். பட்டாளத்துப் பழக்கம் அது. நான் பி.எட். படித்தவள். போன ஊரிலெல்லாம் கிடைத்த பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தேன். பெட்டி கட்டியதும் அவிழ்த்ததும் நான்தான்.

இப்போது அடிக்கடி யாராவது பெற்றோர் வீட்டுக்கு வருகிறார்கள். மகனை, சில சமயம் மகளை, ராணுவ அதிகாரி ஆக்க வேண்டும். சாயா குடித்துக்கொண்டே மூன்று கேள்வி கேட்பார்கள்: சம்பளம் எவ்வளவு, ஆபத்து உண்டா, ஜெனரல் ஆகலாமா. முதல் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. 7ஆவது ஊதியக் குழுப்படி லெப்டினன்டின் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. அதோடு மிலிட்டரி சர்வீஸ் பே என்று 15,500, அகவிலைப்படி, மற்ற படிகள். இரண்டாவதற்கும் நேரான பதில்தான்: உண்டு. மூன்றாவது கேள்வியைத்தான் நான் கேட்கவே விடுவதில்லை. ஜெனரல் ஆவோம் என்று வைத்துக் குடும்பக் கணக்குப் போட்ட வீடுகள் கண்ணுக்கு எதிரே தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன்.

ஏணி எப்படி என்றால், லெப்டினன்டாகச் சேர்ந்தவர் 2 வருஷத்தில் கேப்டன், 6 வருஷத்தில் மேஜர், 13 வருஷத்தில் லெப்டினன்ட் கர்னல். நடுவில் பார்ட் பி, பார்ட் டி என்று துறைத் தேர்வுகள் உண்டு. அதை எழுதி, உடம்பும் ஒழுங்கும் சரியாக இருந்தால் இதுவரை எல்லாரும் ஏறலாம். இந்த வேகம்கூட 2004 டிசம்பரில் வந்தது. எங்கள் காலத்தில் கேப்டனாகவே வருஷக்கணக்கில் இருந்தார்கள். கர்னலிலிருந்துதான் 'போர்டு', அதாவது தேர்வுக் குழு. ஒவ்வொரு அதிகாரிக்கும் வருஷா வருஷம் ஏசிஆர் என்ற ரகசிய மதிப்பீட்டு அறிக்கை எழுதுவார்கள்: நேர் மேலதிகாரி, அவருக்கு மேலே ஒருவர், அதற்கும் மேலே ஒருவர். அந்த அறிக்கைகளையெல்லாம் சேர்த்து, பெயரை மறைத்து, போர்டில் வைப்பார்கள். ஒரு பேட்ச்சுக்கு மூன்று வாய்ப்பு. முதல் தடவை, ரிவ்யூ, ஃபைனல் ரிவ்யூ. அதிலும் வரவில்லையென்றால் அந்தப் பதவியோடு நிற்க வேண்டியதுதான். கர்னல் வரை ஓய்வு வயது 54, பிரிகேடியருக்கு 56, மேஜர் ஜெனரலுக்கு 58, லெப்டினன்ட் ஜெனரலுக்கு 60.

நம்ம பக்கத்து ஆட்கள் தலைமைத் தளபதியே ஆகியிருக்கிறார்களே என்பார்கள். ஆகியிருக்கிறார்கள். 1966இல் குமாரமங்கலம், 1986இல் சுந்தர்ஜி, 2000இல் நம் பக்கத்துத் திருவனந்தபுரத்தில் பிறந்த பத்மநாபன். இதில் முதலில் சொன்னவரும் கடைசியில் சொன்னவரும் பீரங்கிப் படை என்பதில் என் கணவருக்குத் தனிக் கர்வம், அவரும் அதே படை என்பதால். ஆனால் அந்த நாற்காலி ஒன்றுதான். ஒரு பேட்ச்சில் சேருவதோ சில நூறு பேர். அதனால் நான் சொல்வது: 54 வயதில் கர்னலாகவோ லெப்டினன்ட் கர்னலாகவோ வெளியே வருவோம் என்று வைத்து வீட்டைக் கட்டுங்கள், பிள்ளைகள் படிப்பை முடியுங்கள். அதற்கு மேல் கிடைப்பது வரவு.

உள்ளே போகிற வழிகள் நம் மாவட்டத்தில் பலருக்குத் தெரியவில்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதல் மாவட்டம் நம்முடையது. ஆனாலும் நர்சிங்கும் டீச்சர் டிரெயினிங்கும் தெரிந்த அளவுக்கு என்டிஏ என்கிற தேசிய பாதுகாப்பு அகாடமி தெரியாது. என் கணவர் 6ஆம் வகுப்பிலேயே வீட்டை விட்டுப் போனவர். உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதி நகரில் 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளி. இன்றும் 6ஆம் வகுப்புக்கும் 9ஆம் வகுப்புக்கும் நுழைவுத் தேர்வு உண்டு, இப்போது பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். பிளஸ் டூ முடிக்கும் சமயத்தில் என்டிஏ தேர்வு, வருஷத்துக்கு இரண்டு முறை. தரைப்படைக்கு எந்த குரூப் எடுத்திருந்தாலும் எழுதலாம், தேர்வில் கணக்குத் தாள் உண்டு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் வேண்டும். டிகிரிக்குப் பிறகு சிடிஎஸ் என்ற தேர்வு. கல்லூரியில் என்சிசி 'சி' சான்றிதழ் வாங்கியவர்களுக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் நேர்முகத்துக்குப் போகும் தனி வழியும் இருக்கிறது. சிப்பாயாகச் சேர்ந்த பையனுக்கும் கதவு மூடிவிடவில்லை. பணியில் இருந்துகொண்டே ஏசிசி (ஆர்மி கேடட் காலேஜ்) தேர்வு எழுதி, டேராடூனில் 3 வருஷம் படித்து, அதன்பின் பயிற்சியும் முடித்து, அதிகாரியாக வெளியே வந்தவர்களை எனக்கு நேரில் தெரியும். அவர்களிடம் ஜவான்கள் காட்டுகிற மரியாதையே வேறு.

எழுத்துத் தேர்வைவிட அதற்குப் பிறகு வரும் எஸ்எஸ்பி என்ற நேர்முகத் தேர்வுதான் ஆளை வடிகட்டுகிறது. 5 நாள். நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பெங்களூரு வரும். கன்னியாகுமரியிலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸில் கேரளம் முழுக்கச் சுற்றிக்கொண்டு போய், முதல் நாள் ஸ்கிரீனிங்கிலேயே வெளியே அனுப்பப்பட்டு, அதே வண்டியில் திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம். தேறினால் மறுநாளிலிருந்து படம் பார்த்துக் கதை எழுதுவது (12 படம், ஒவ்வொன்றுக்கும் 4 நிமிஷம், கடைசிப் படம் வெறும் வெள்ளை), 15 நொடிக்கு ஒரு சொல் வீதம் 60 சொல்லுக்கு வாக்கியம் எழுதுவது, மைதானத்தில் பலகையையும் கயிறையும் வைத்துக்கொண்டு குழுவாகத் தடை தாண்டுவது, தனி நேர்முகம், கடைசி நாள் கான்ஃபரன்ஸ்.

அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான், அப்பாவோடு. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். கையில் நடப்பு நிகழ்வுகள் என்று தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். என் கணவர் அதைத் தொடவே இல்லை.

"அப்பா என்ன செய்யுதாரு?"

"ரப்பர் வெட்டு சார். சொந்தமாவும் கொஞ்சம் உண்டு."

"சொந்தத்துல எத்தனை மூடு மரம்?"

பையன் அப்பாவைப் பார்த்தான்.

"ஒரு நாளைக்கு எத்தனை ஷீட் அடிக்கும்? ஷீட் இப்போ கிலோ என்ன விலை போகுது? ஒட்டுப்பாலு?"

பையனுக்குத் தெரியவில்லை. அப்பா வாயைத் திறந்தார். இவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"மழையில வெட்ட முடியாது. இலை உதிருற மாசமும் வெட்டு கிடையாது. அப்போ உங்க வீட்டுல அரிசி எப்படி வருது?"

பையன் காது சிவந்துபோய் உட்கார்ந்திருந்தான். எனக்கே சங்கடமாகிவிட்டது, உள்ளே போய் மட்டிப்பழம் எடுத்து வந்து வைத்தேன். இவர் சொன்னார்: "அந்தப் புக்கை ஒரு வாரம் மூடி வை மக்களே. விடியக்காலம் அப்பாகூட வெட்டுக்குப் போ. கேள்வியெல்லாம் அங்கதான் இருக்கு." அவர் சொல்வதில் ஒன்றும் மாயமில்லை. அங்கே போனதும் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள்: அப்பா தொழில், வருமானம், கூடப் பிறந்தவர்கள், ஊர், விளையாட்டு. நேர்முகம் செய்கிறவர் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்குவார். தன் வீட்டில் அரிசி எப்படி வருகிறது என்று தெரியாதவனிடம் நூறு பேரின் சாப்பாட்டையும் உயிரையும் எப்படிக் கொடுப்பார்கள்? அந்தப் பையன் முதல் முறை கான்ஃபரன்ஸ் வரை போய் வந்தான், கிடைக்கவில்லை. மறுபடி எழுதுகிறான். ஷீட் விலையைக் கேட்டால் இப்போது டக்கென்று சொல்கிறான்.

இங்கிலீஷ் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள். உச்சரிப்பு யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை. பஞ்சாபிப் பையன் ஒரு மாதிரி பேசுவான், மணிப்பூர்ப் பையன் ஒரு மாதிரி. தயங்காமல் பேசுகிறானா என்றுதான் பார்ப்பார்கள். மனப்பாடம் செய்த பதிலைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இரண்டு நிமிஷம் போதும்.

எங்கள் கல்யாணம் 1991இல். அவர் அப்போது கேப்டன். நாகர்கோவிலில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஏறினோம். வாரத்துக்கு ஒரு வண்டி, ஜம்மு வரை மூன்று இரவு. பெட்டி முழுக்க லீவு முடிந்து திரும்புகிற ஜவான்கள், சீட்டுக்கு அடியில் பெயரும் நம்பரும் வெள்ளையில் எழுதின கறுப்பு டிரங்குப் பெட்டிகள். அந்தப் பெட்டிதான் பட்டாளத்து வீட்டின் மேஜை, கட்டில், அலமாரி எல்லாம். இரண்டு அடுக்கி மேலே பெட்ஷீட் போட்டால் திவான்.

புதிதாகப் போகிற பெண்களுக்கு ஒன்று சொல்வேன். ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், பெட்டி மூடியின் உட்பக்கமும் ஒட்டுங்கள். அம்மியையும் ஊறுகாய்ப் பரணியையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

போஸ்டிங் என்பது பீஸ், ஃபீல்டு என்று மாறி மாறி வரும். பீஸ் என்றால் குடும்பத்தோடு இருக்கலாம். ஃபீல்டு என்றால் அவர் மட்டும். முகவரியில் இடத்தின் பெயரே இருக்காது. எண், பதவி, பெயர், யூனிட், பிறகு 'மே/பா 56 ஏபிஓ', அதாவது ராணுவத் தபால் நிலையத்தின் எண். கிழக்குப் பக்கம் என்றால் 99 ஏபிஓ. என் மாமியார் 56 ஏபிஓ என்பது ஓர் ஊர் என்றே ரொம்பக் காலம் நினைத்திருந்தார். "அம்பத்தாறுல தண்ணி வசதி உண்டுமா மக்களே?" என்று கேட்பார். உண்டு என்போம்.

1999இல் அவர் மேஜர், திராஸ் பக்கம். நான் இரண்டு பிள்ளைகளோடு குலசேகரத்தில் மாமனார் வீட்டில். போஃபர்ஸ் பீரங்கி சுடுவதை டிவியில் காட்டும்போதெல்லாம் வீட்டில் ஒருத்தரும் பேச மாட்டோம். 155 மி.மீ. குழல், ஒரு பேட்டரிக்கு 6 பீரங்கி என்பதெல்லாம் தெருவில் விளையாடுகிற பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம் ஆகியிருந்தது. ஜூன் 13 தோலோலிங், ஜூலை 4 டைகர் ஹில். செய்தி வரும், அவரைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது. இன்லேண்டு லெட்டர் வரும்போது அதில் உள்ள செய்திக்கு இரண்டு வாரம் வயதாகியிருக்கும். 'நலம்' என்று எழுதியிருந்தால், எழுதின அன்றைக்கு நலம், அவ்வளவுதான். 527 பேர் திரும்பவில்லை அந்தப் போரில்.

அந்த மாதங்களில் எனக்கு உதவின ஏற்பாடு ஒன்றுதான். யூனிட் முன்னே போகும்போது பழைய ஸ்டேஷனில் கொஞ்சம் பேரை விட்டுவிட்டுப் போவார்கள், ரியர் பார்ட்டி என்று பெயர். அவர்களுடைய நம்பரைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கி, மாமனார் வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருந்தேன். ஜங்ஷனில் உள்ள எஸ்டிடி பூத்துக்குப் போய் வாரம் ஒருமுறை பேசுவேன். ஊரார் கேட்டால் அந்தத் தகவலை மட்டும்தான் சொல்வது, டிவியில் பார்த்ததைச் சொல்லக் கூடாது என்று மாமனார் ஒரு சட்டமே போட்டிருந்தார். இன்றைக்கு வாட்ஸ்அப் இருக்கிறது. ஆனால் நெருக்கடி வந்தால் முதலில் நிற்பது அதுதான். யூனிட் நம்பரும் ரியர் நம்பரும் தாளில் எழுதி வீட்டில் இருக்கட்டும். உயிலும் நாமினி படிவமும் அவர் கிளம்பும் முன்பே சரி பார்த்திருக்க வேண்டும். அபசகுனம் என்று தள்ளிப்போட்ட வீடுகள் பிறகு பட்டபாடு வேறு கதை.

அபசகுனம் என்றதும் ஆந்தை நினைவுக்கு வருகிறது. நீலகிரியில் உள்ள வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்குப் போட்டித் தேர்வு எழுதித்தான் போக முடியும். மேல்பதவிக்குப் போக நினைக்கிற மேஜர்கள் அதற்காகத் தூக்கத்தை விட்டுப் படிப்பார்கள். அந்தக் கல்லூரிச் சின்னம் ஆந்தை, படித்து வந்தவர்களையே 'ஆந்தைகள்' என்றுதான் கூப்பிடுவார்கள். 1997இல் கோர்ஸ் முடித்து ஆந்தை போட்ட டையோடு இவர் வீட்டுக்கு வந்தார். மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "நல்ல ஒரு மயிலு கிடைக்கலியாடே அவனுவளுக்கு?" என்றார். அந்த டை கடைசிவரை அந்த வீட்டு அலமாரிக்குள் போகவில்லை, திண்ணைக் கொடியில்தான் தொங்கியது.

வெலிங்டனில் இருந்த அந்த ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம்தான், திருமண வாழ்க்கையில் அவர் ஒரே வீட்டில் தொடர்ந்து இரவு சாப்பாட்டுக்கு வந்த காலம். கோர்ஸ் கடினம் என்பார்கள். எனக்கென்னவோ விடுமுறை மாதிரி இருந்தது. மெட்ராஸ் ரெஜிமென்டின் மையமும் அங்கேதான், அதனால் கடைத்தெருவில் தமிழ் கேட்கும், சில சமயம் நம்மூர்த் தமிழே கேட்கும்.

பிள்ளைகள் படிப்பு என்பது தீராத தலைவலி. கேந்திரிய வித்யாலயாவும் ஆர்மி பப்ளிக் ஸ்கூலும் இருப்பதால் நடுவருஷத்தில் மாறினாலும் இடம் கிடைத்துவிடும். அது பெரிய உதவி. தமிழ்தான் போய்விடும். மகளுக்கு நான் ஊரிலிருந்து வரும் பழைய பேப்பரை வைத்துத்தான் எழுத்துக் கற்றுக்கொடுத்தேன். அச்சில் படித்துவிடுவாள், கையெழுத்தைப் படிக்கத் திணறுவாள். 9ஆம் வகுப்பு தொடங்கியதும் இனி மாற்றம் கிடையாது என்று நான் முடிவெடுத்தேன். நாகர்கோவில் கேந்திரிய வித்யாலயாவில் சேர்த்துவிட்டு நானும் பிள்ளைகளும் இங்கே, அவர் எங்கே அனுப்புகிறார்களோ அங்கே. அப்படிப் பிரிந்திருந்த வருஷங்களில்தான் அவருக்கு முக்கியமான கமாண்டு வந்தது, ஒரு ரெஜிமென்டுக்கே கமாண்டிங் ஆபீசர், அதாவது சிஓ. 'சிஓ-வின் மனைவி கூட இல்லையே' என்று சிலர் முணுமுணுத்தார்கள். பிளஸ் டூ அவர்கள் பிள்ளை எழுதவில்லையே.

லீவுக்குப் போய் அங்கே இருந்த நாட்களில் சிஓ மனைவி என்றால் என்ன என்று பார்த்தேன். 18 பீரங்கி உள்ள ரெஜிமென்ட், அத்தனை ஜவான் குடும்பங்கள். கணவன் தோளில் உள்ளதைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். இளைய அதிகாரிகளின் மனைவிகளை நிற்க வைத்துப் பேசுவது, வீட்டு வேலைக்கு ஜவானை அனுப்பச் சொல்வது. எனக்கு அது பிடிக்காது. 1966இல் ராணுவ மனைவியர் நலச் சங்கமாகத் தொடங்கிய ஆவா இருக்கிறது. அதை டீ பார்ட்டியாக நடத்துகிறவர்களும் உண்டு, வேலையாக நடத்துகிறவர்களும் உண்டு. வேலூர்ப் பக்கத்து ஜவான் ஒருவரின் மனைவி, நிறைமாதம், இந்தி ஒரு சொல் தெரியாது. ஆஸ்பத்திரியில் அவளிடம் என்ன கேட்கிறார்கள், அவள் என்ன சொல்கிறாள் என்று யாருக்கும் புரியவில்லை. இரண்டு இரவு நான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். அந்த ரெஜிமென்டில் நான் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அந்தப் பிள்ளை இப்போது கல்லூரியில் படிக்கிறாளாம், பொங்கலுக்குப் போன் வரும்.

போர்டு வருகிற மாதங்களில் வீட்டில் பேச்சு குறைந்துவிடும். ரிசல்ட் ஆபீசில் வருவதற்கு முன்பே கோர்ஸ்மேட்டுகளின் மனைவிகளுக்குத் தெரிந்துவிடும்; எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரிந்ததில்லை. கர்னல் போர்டில் முதல் தடவையே வந்தது, பிரிகேடியரிலும் வந்தது. மேஜர் ஜெனரல் போர்டில் வரவில்லை. அன்று மாலை வழக்கம்போல் நடக்கப் போனார், வந்து குளித்தார், சாப்பிட்டார். இரண்டு நாள் கழித்து, "ஊர்ல கிணத்துக்கு மோட்டார் மாத்தணும் இல்லியா?" என்று கேட்டார். கோபப்பட்டு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகிறவர்கள் உண்டு. ஏசிஆரில் உண்மையிலேயே முறைகேடு இருந்தால் போக வேண்டியதுதான். என்னைவிட மட்டமானவனுக்குக் கிடைத்ததே என்ற எரிச்சலில் போனால் ஓய்வுக்குப் பிறகான முதல் ஐந்து வருஷம் வக்கீல் வீட்டு வாசலில் போய்விடும்.

நாங்கள் தப்பித்தது 54 கணக்கால்தான். பெரிய பங்களாவும் வாசலில் காரும் வேலைக்கு ஆளும் உள்ள வாழ்க்கை, பிறந்த மாதத்தின் கடைசி நாளோடு சரி. அதற்குள் சொந்தக் கூரை இருக்க வேண்டும். ராணுவ வீட்டுவசதி நிறுவனத்தில் பெரிய ஊர்களில் பிளாட் வாங்கின நண்பர்கள் பலர். நாங்கள் மாமனார் நிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினோம். ஒரு லீவில் அஸ்திவாரம், ஒரு லீவில் சுவர். டிஎஸ்ஓபி என்கிற சேமநிதியில் சின்ன வயதிலிருந்தே பிடிக்கச் சொல்லிவிட்டால் அதுதான் கடைசியில் கைகொடுக்கும். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி. அதில் பாதி வரை முன்கூட்டியே மொத்தமாக வாங்கலாம். வாங்கினால் 15 வருஷம் பிடித்தம் இருக்கும். கடன் இருந்தால் வாங்கி அடையுங்கள். மகன் தொழில் தொடங்கக் கேட்கிறான் என்று வாங்கினால், யோசியுங்கள்.

என்னுடைய வேலைதான் இதில் போனது. எங்கும் தொடர்ச்சியாக இல்லாததால் எனக்கென்று ஓய்வூதியம் கிடையாது. பி.எட். கையில் இருந்ததால் ஒவ்வொரு ஊரிலும் ஏதோ கிடைத்தது. இன்றைய பெண்கள் இருந்த இடத்திலேயே செய்கிற வேலையாகப் பார்த்தால் இன்னும் நல்லது.

அடுத்து காது. பீரங்கிப் படைக்காரர்களுக்குக் காது போகும். எங்கள் வீட்டில் இடது பக்கம் நின்று கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டார். டிவி சத்தம் பக்கத்து வீட்டு நாயை எழுப்பும். ராணுவ உடல்தகுதியை 'ஷேப் ஒன்' என்பார்கள், அதில் இரண்டாவது எழுத்து கேட்கும் திறனுக்கு. தகுதி குறைந்தால் போர்டில் பாதிக்குமோ என்று பலர் மறைத்துவிடுவார்கள். கார்கிலுக்குப் பிறகு யூனிட் டாக்டர் வற்புறுத்தி இவரைச் சோதனைக்கு அனுப்பி, பதிவில் ஏற்ற வைத்தார். ஓய்வுக்கு முன் நடக்கும் மெடிக்கல் போர்டில் அந்தப் பழைய தாள்தான் பேசியது. பணியால் வந்த குறை, 20 விழுக்காடோ அதற்கு மேலோ என்று ஏற்றால்தான் ஊன ஓய்வூதியம். சர்வீஸில் இருக்கும்போது தாளில் ஏறாத முழங்கால் வலியை வீட்டுக்கு வந்த பிறகு யாரும் ஏற்கமாட்டார்கள். வீட்டில் உள்ளவர்கள் இதை அவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், தாங்களாகச் செய்யமாட்டார்கள்.

2020 மே கடைசி நாள் ஓய்வு. ஊரடங்கு நேரம். டைனிங் அவுட் என்ற வழியனுப்பு விருந்து இல்லை, மாலை மரியாதை இல்லை. இ-பாஸ் வாங்கி காரில் வந்து வீட்டுக்குள் தனிமைப்படுத்திக்கொண்டோம். முப்பது வருஷத்துக்கும் மேலான சர்வீஸ் முடிந்து வந்தவரை வரவேற்றது கேட்டில் ஸ்டிக்கர் ஒட்ட வந்த சுகாதாரத்துறைப் பையன். ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று, பதவியை ஒரேயடியாக மறக்க முடிந்தது.

மறக்க முடியாதது காகிதம். என் பெயர் பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியலோடு இருந்தது, ஆதாரில் கணவர் பெயரோடு, ஓய்வூதிய ஆணையில் ஸ்பெல்லிங் ஓர் எழுத்து வேறு. நம் மாவட்டத்தில் வீட்டுப்பேர், ஞானஸ்நானப் பேர், பள்ளிக்கூடப் பேர் என்று ஆளுக்கு மூன்று இருக்கும். கூட்டுக் கணக்கு தொடங்கப் போன வங்கியில் அந்த ஓர் எழுத்துக்காக எத்தனை தடவை திருப்பி அனுப்பினார்கள்! பிறகு ஓய்வூதியம் முழுக்க ஸ்பர்ஷ் என்ற இணைய ஏற்பாட்டுக்கு மாறியபோது பழைய பிழையும் கூடவே போனது. கல்யாணம் ஆன உடனே, பிள்ளை பிறந்த உடனே யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் போட வைத்து, அதைப் பணிப்பதிவில் ஏற்றுவது முதல் வேலை. அதில் உள்ள எழுத்தும் ஆதாரில் உள்ள எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று மனைவியே பார்க்க வேண்டும். அவருக்குப் பின் 30 விழுக்காடு குடும்ப ஓய்வூதியம் வரப்போவது அவளுக்குத்தானே. ஸ்பர்ஷ் பாஸ்வேர்டும் வருஷாந்திர உயிர்வாழ்வுச் சான்று கொடுக்கும் முறையும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். வைத்தியத்துக்கு இசிஎச்எஸ் என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம். நாகர்கோவில் பாலிகிளினிக்கில் காட்டி ரெஃபரல் வாங்கித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவசரத்தில் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவித்துவிட வேண்டும். ஜவான் குடும்பங்களும் விதவைகளும் நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் உதவித்தொகை, பிள்ளைகள் படிப்புச் சலுகை எல்லாம் சொல்வார்கள். போகாமல் இருப்பவர்கள்தான் அதிகம்.

கோர்ஸ்மேட்டுகள் குடும்பத்தோடு வருவார்கள். எல்லாருக்கும் விவேகானந்தர் பாறை வேண்டும். இவர் அவர்களைக் குளச்சலுக்கு இழுத்துக்கொண்டு போவார். 1741இல் மார்த்தாண்டவர்மா படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த இடம், வெற்றித்தூண் இருக்கிறது. பிடிபட்ட டி லனாய் பிறகு அதே மன்னரின் படைக்குத் தளபதி ஆகி, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலை வைத்தார். அவர் கல்லறையும் அங்கேதான், லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. திருவிதாங்கூர் படையின் வாரிசாக மெட்ராஸ் ரெஜிமென்டின் 9ஆவது பட்டாலியன் இன்றும் இருக்கிறது. பீரங்கிக்காரர்கள் அந்த உலைப் பேச்சு வந்ததும் வெயிலை மறந்துவிடுவார்கள். மனைவிகள் நாங்கள் மரத்தடியில் நுங்கு சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி இப்போது நிறையக் கேள்வி வருகிறது. 2021இல் உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்தது, 2022இல் முதல் பெண்கள் என்டிஏவில் சேர்ந்தார்கள், 2025 மே மாதம் 17 பேர் வெளியே வந்தார்கள். நிரந்தரப் பணி உரிமையும் 2020 தீர்ப்புக்குப் பிறகு வந்திருக்கிறது. தைரியமாக அனுப்பலாம் என்பேன். ஆனால் அவள் கல்யாணத்தின்போது நான் இத்தனை நேரம் எழுதியதையெல்லாம் மாப்பிள்ளையைப் படிக்கச் சொல்ல வேண்டும்.

போன மாதம் மார்த்தாண்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தார்கள். மகளுக்கு ஒரு மேஜர் வரன். என்ன விசாரிக்க வேண்டும் என்று கேட்டார்கள். இப்போது எங்கே போஸ்டிங் என்று கேட்காதீர்கள், அடுத்தது ஃபீல்டா பீஸா என்று கேளுங்கள். ஷேப் ஒன்னா என்று கேளுங்கள். நிரந்தர கமிஷனா, 10 வருஷத்து ஷார்ட் சர்வீஸா என்று கேளுங்கள், ஷார்ட் சர்வீஸ் என்றால் அதற்குப் பிறகு என்ன திட்டம் என்று பையன் வாயாலேயே சொல்லட்டும். மகள் வேலையை விட முடியுமா, விட மனசிருக்கிறதா என்று மகளிடம் தனியாகக் கேளுங்கள். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். செருப்பு மாட்டும்போது திரும்பி, "அது கிடக்கட்டும் மைனி, கேன்டீன் கார்டு அவளுக்கும் உண்டும் இல்லியா?" என்றார்கள்.

உண்டு என்றேன்.